கிடர்பூர் ஆபீஸின் தாழ்ப்பாள்

சென்ற செவ்வாய்க்கிழமை மத்தியானம் பவானிபூரில் ஒரு வாடிக்கைக்காரர் வீட்டில் ஊறுகாய் ஜாடிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் வண்டிக்காரன் ராம்தீன் வாசலில் வந்து நின்றான். சட்டை முழுக்க ரத்தம். "பாபு போய்விட்டார்" என்று ஹிந்துஸ்தானியில் சொன்னான். அது அவன் ரத்தமில்லை என்று அப்போதுதான் புரிந்தது.

என் கூட்டாளி பஞ்சாபகேசய்யர் இறைவனடி சேர்ந்தார் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. மூட்டை தூக்கும் கொக்கியால் கழுத்தில் குத்திக் கொன்றார்கள். குத்தியவனைப் போலீஸ் பிடித்துவிட்டது. ஏவிய சர்தார், துறைமுகக் கூலிகளின் மேஸ்திரி, இன்றும் கிடர்பூரில் வெற்றிலை மென்றுகொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

கல்கத்தாவில் உள்ள நம்மவர்களுக்கு எங்கள் கம்பெனியைத் தெரியும். சென்னையிலிருந்து கப்பலில் வரும் உங்கள் புளியும் அப்பளமும் காப்பிக்கொட்டையும் எங்கள் வழியாகத்தான் வீடு வந்தன. அதற்குமுன் பாதிப் பெட்டிகள் துறைமுகத்திலேயே உடைபட்டு, வைக்கோல் மட்டும் வந்து சேரும். நாங்கள் இருவரும் முதலில் ஒரு துரையின் ஆபீஸில் குமாஸ்தாக்களாக இருந்தோம். தனித் தொழில் தொடங்க நினைத்தபோது, நாலு வண்டியும் எட்டு மாடும் வாங்கலாம் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் நானே ஒன்பதாவது மாடு.

"வண்டிக்கு இந்த ஊர்ல என்ன பஞ்சம் ஓய்? பெட்டி முழுசா வருமான்னுதான் ஜனங்களுக்கு வயித்தைக் கலக்கறது. அந்தக் கவலையை நாம வாங்கிப்போம். அதுக்குத்தான் நமக்குக் கூலி" என்றார்.

வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்த பிறகே வாடிக்கைக்காரர் பணம் தரவேண்டும் என்றும், சொந்த வண்டி உள்ள வண்டிக்காரர்களுக்குக் கப்பல் வந்தாலும் வராவிட்டாலும் மாதச் சம்பளம் என்றும் முடிவு செய்தார். மாதச் சம்பளத்துக்கு நான் மூன்று நாள் சண்டை போட்டேன். "கப்பல் வராத நாள்ல அவன் வயிறு லீவு எடுத்துக்குமோ?" என்று கேட்டு வாயை அடைத்துவிட்டார்.

சர்தாருக்கு அதுதான் பொறுக்கவில்லை. தினம் அவன் காலடியில் நின்று வேலை கேட்டு, கூலியில் பாதியைக் கொடுத்துவந்த வண்டிக்காரர்கள் எங்களிடம் வந்துவிட்டார்கள். மூன்றாம் மாதம் ஒரு காலையில் எட்டுப் பேர் தடியோடு வந்தார்கள். வாசலில் ராம்தீனும் பஞ்சாபகேசய்யரும் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே இருந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

எலும்பு முறியும் சத்தம் கதவு வழியாக நன்றாகவே கேட்கும். "திறடா, ராம்தீனையாவது உள்ள விடுடா" என்று அவர் கதவை அறைந்தார். போட்ட தாழ்ப்பாளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

எல்லாம் அடங்கியபின் திறந்தேன். அவருக்கு இடது கை தொங்கிற்று. முன்பற்கள் இரண்டு இல்லை. வலது கையால் என்னை ஓங்கி ஓர் அறை விட்டார். பிறகு கடப்பாரையை எடுத்துத் தாழ்ப்பாளை நெம்பிப் பிடுங்கி என் மேஜைமேல் எறிந்தார். "சம்பளம் குடுத்தா மட்டும் அவன் நம்ம மனுஷன் ஆயிடுவானா? அடிபடறவன் உள்ள வரணும். இல்லே, உள்ள இருக்கறவன் வெளியே போகணும்" என்றார். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை. எங்கள் இருவரையும் கிடர்பூர் வீரர்கள் என்று புகழ்ந்தவர்களிடம்கூட நான் கதவைச் சாத்தியதைச் சொல்லவில்லை.

அவர் சாதுவும் அல்ல. பெட்டிக்குள் கைவிட்ட சர்தார் ஆள் ஒருவனுக்கு மூடியை அறைந்து விரலை நசுக்கினார். தப்பு என்றேன். "தப்புதான்" என்று சொல்லி, எங்கள் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

செவ்வாயன்று துறைமுக வாசலில் சர்தாரின் ஆட்கள் ராம்தீனைச் சூழ்ந்துகொண்டார்கள். அவர் ஆபீஸில் இருந்தார். அங்கேயே இருந்திருக்கலாம். ராம்தீனிடம் ஓடினார்.

அவர் எனக்கு விட்டுப்போனது அந்தத் தாழ்ப்பாளும், கதவில் அது இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகளும்தான். தாழ்ப்பாளை என் மேஜை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மறுபடி கதவில் அடித்துவிடலாம் என்று என் மைத்துனர் சுத்தியலோடு வந்தார், திருப்பி அனுப்பிவிட்டேன்.

நேற்றுக் காலை சர்தாரின் ஆட்கள் மறுபடி வந்தார்கள். ராம்தீன் வாசலில் தனியாக மாட்டை அவிழ்த்துக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தினேன், உள்ளதைச் சொல்கிறேன். என் கை தானாக அந்தத் துளைகளுக்குப் போயிற்று. பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் இல்லை. வெளியே போனேன்.