சீமைக்குப் பூக்கட்டிப் பார்த்த கதை

நான் டாக்டர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் சோழவந்தானில் இறங்கி "சீமை டாக்டர் வீடு எது?" என்று கேட்டால் என் வீட்டைத்தான் காட்டுவார்கள். அதை நம்பி வந்து என் முன்னால் நாக்கை நீட்டியவர்களும் உண்டு. தாலுகா ஆபீசில் பழைய கட்டுகளைத் தூசி தட்டி அடுக்குகிற குமாஸ்தாவுக்கு இந்தப் பட்டம் எப்படி வந்தது என்பதைக் கல்யாணப் பந்திகளில் சொல்லிப் பல பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். பந்தியில் சொன்னது பாதிதான். மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில், மதுரையில் இண்டர்மீடியட் பாஸ் செய்தேன். எப்படிப் பாஸ் செய்தேன் என்பது பேப்பர் திருத்தியவருக்கே ஆச்சரியமாக இருந்திருக்கும். சென்னை மெடிகல் காலேஜில் இடம் கிடைக்கவில்லை. எங்கள் வாத்தியார்களில் ஒருவர் ஸ்காட்லாந்துக்காரர். அவரிடம் ஒருநாள், ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "மருத்துவந்தான் சார் என் உயிர்" என்று சொல்லி வைத்தேன். அந்த நல்ல மனிதர் அதை நம்பித் தம் ஊர் மருத்துவக் கல்லூரி ஒன்றுக்கு எழுதிப் போட்டுவிட்டார். ஆடி பிறந்த வாரம் கப்பல் தபாலில் பதில் வந்தது. வரலாமாம். மாதக் கடைசிக்குள் சம்மதம் என்று தந்தி கொடுத்தால் போதுமாம்.

அப்பா வெற்றிலைக் கொடிக்கால்காரர். கையெழுத்துப் போடத் தெரியும், அதோடு சரி. அந்த இங்கிலீஷ் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு கொடிக்காலுக்கும் போனார், சந்தைக்கும் போனார். யார் எதிர்ப்பட்டாலும் எடுத்துக் காட்டினார், தலைகீழாகப் பிடித்தபடி. நான் கப்பல் ஏறும் முன்பே ஊர் என்னைச் சீமை டாக்டர் ஆக்கிவிட்டது. அவருக்கு இது பெருமை மட்டும் அல்ல. அதற்கு மூன்று வருஷம் முன்னால் என் அக்கா தலைப்பிரசவத்தில் போய்விட்டாள். மாட்டுவண்டியில் மதுரைக்குக் கொண்டு போகிற வழியிலேயே உயிர் அடங்கிவிட்டது. வண்டி ஓட்டியவர் அப்பா. அன்றிலிருந்து, ஊருக்குள்ளேயே ஒரு டாக்டர் இருக்க வேண்டும், அது தன் மகனாக இருக்க வேண்டும் என்பதுதான் அவர் நினைப்பெல்லாம்.

அதே அக்காவை நினைத்துத்தான் அம்மா கூடாது என்றாள்.

"ஒண்ண மண்ணுக்குக் குடுத்தாச்சு. இருக்குற ஒண்ணையும் கடலுக்குக் குடுக்கச் சொல்றீகளா?"

"கடலுக்கா குடுக்குறேன்? படிக்கத்தானடி அனுப்புறேன்."

"கப்பலு கடல்லதான போகுது?"

இப்படியே சில நாள் இழுத்தது. கடைசியில் அம்மா சொன்னாள்: "குலசாமிகிட்ட பூக்கட்டிப் பாருங்க. போகட்டும்னு அவன் சொல்லிட்டா நானே கட்டுச்சோறு கட்டிக் குடுத்து அனுப்புறேன்."

அப்பா சாமியை அப்படி நம்புகிறவர். மாடு வாங்குவதானாலும் அவன் வாக்கைக் கேட்காமல் வாங்க மாட்டார். "சரி. அவன் சொன்னா அதுக்கு மேல நானும் வாயத் திறக்கல" என்றார்.

பூக்கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். ஒரு வெற்றிலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. இரண்டையும் ஒரே மாதிரி மடித்து நூல் சுற்றிச் சாமி காலடியில் வைப்பார்கள். எடுத்த பொட்டணத்தில் வெள்ளை இருந்தால் சரி, சிவப்பு இருந்தால் வேண்டாம். எடுக்காத பொட்டணத்தைப் பிரிக்காமல் ஆற்றில் விட்டுவிட வேண்டும். எங்கள் கோயிலில் கூடுதலாக ஒரு முறை உண்டு. யார் விஷயமாகக் கேட்கிறோமோ அவர் குளித்துவிட்டு யாரும் பார்க்காத இடத்தில் பூவைக் கட்ட வேண்டும். கேட்கிறவர் எடுக்க வேண்டும். கட்டுகிறவர் ஏமாற்ற மாட்டாரா என்று யாரும் கேட்டதில்லை. ஏமாற்றினால் சாமி கண்ணைப் பிடுங்கிவிடும் என்று எல்லாருக்கும் தெரியும்.

நாள் குறித்தது வெள்ளிக்கிழமைக்கு. அதற்கு முன்பே, சாமி நல்ல வாக்குத்தான் கொடுப்பான் என்ற நம்பிக்கையில், அப்பா என்னைக் கோட்டுத் தைக்க மதுரைக் கோரிப்பாளையத்துக்கு அனுப்பினார். கூட வந்தவன் பழங்காநத்தத்துக்காரன், என்னோடு படித்தவன். சாமியே இல்லை என்று மீட்டிங் மீட்டிங்காகக் கேட்டுவிட்டு வந்து எனக்கும் ஓதுகிறவன். தையல்கடை பாய் என் தோளை அளந்துகொண்டே கேட்டார்:

"தம்பி, அந்த ஊர்ல குளிரு எம்புட்டு இருக்கும்?"

"தண்ணி கல்லாப் போயிருமாம் பாய்."

"யா அல்லா! அப்ப இந்தத் துணி பத்தாதே. உள்ள பஞ்சு வச்சுத் தச்சிரவா?"

"வைங்க பாய்" என்றான் நண்பன். "இவன் செத்துப் போனா அதுலயே படுக்க வச்சிரலாம்."

பஞ்சு வைத்தே தைத்தார். மெத்தைக்குக் கை முளைத்த மாதிரி இருந்தது. அதைப் போட்டுக்கொண்டு உச்சி வெயிலில் வைகைப் பாலத்தைக் கடந்தேன். பாலத்துக்குக் கீழே மணலில் துணி காயப்போட்டவர்கள் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சீமைக்குப் போவதில் எனக்குப் பிடித்த பகுதி அந்தப் பாலத்தோடு முடிந்தது.

மறுநாள் அப்பா, தனக்குப் பழக்கமான மதுரை டாக்டர் ஒருவரிடம், "தொழிலைப் பாத்துட்டு வா" என்று அனுப்பினார். அங்கே ஒரு ஆள் காலில் புரையோடிய கட்டியோடு வந்திருந்தார். டாக்டர் கத்தியை எடுத்தார். என் கையில் பீங்கான் தட்டைக் கொடுத்தார். அப்புறம் நடந்தது எனக்குத் தெரியாது. கண் விழித்தபோது அந்த ஆள் ஒற்றைக்காலில் நின்றுகொண்டு துண்டால் எனக்கு விசிறிக்கொண்டிருந்தார். "அய்யா, எனக்கு அப்புறம் பாத்துக்கலாம். மொதல்ல இந்தத் தம்பியப் பாருங்க" என்றார்.

டாக்டர் சிரிக்கவில்லை. "மொத நாள் நானும் விழுந்தவந்தான். பத்தாம் நாள் கை கழுவிட்டுச் சோறு திங்கலாம். பயப்படாதே" என்றார். அவர் சொன்னது உண்மையாகத்தான் இருந்திருக்கும். சோதித்துப் பார்க்க நான் பத்தாம் நாள் வரை இருக்கவில்லை. வீட்டில், "எப்படிடா இருந்துச்சு?" என்று அப்பா கேட்டதற்கு, "பிரமாதம்யா" என்றேன்.

ரத்தம் ஒரு சாக்குத்தான். நிஜமான பயம் வேறு. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை நாலு பேரைச் சிரிக்க வைப்பது. தப்புச் செய்தாலும், தோற்றாலும், ஒரு பேச்சைப் போட்டுத் தப்பித்துவிடுவேன். இங்கிலீஷில் நான் ஒருத்தரையும் சிரிக்க வைத்தது கிடையாது. அந்தக் குளிரில், அந்தப் பாஷையில், பிணத்துக்கு முன்னால் நின்று என்ன பேசித் தப்பிப்பேன்? அங்கே நான் வெறும் மக்கு. இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அப்பாவின் முகம் என்ன ஆகும் என்று தெரியும்.

வியாழக்கிழமை நண்பன் யோசனை சொன்னான். "கட்டுறது நீதான மாப்ள? ரெண்டுலயும் வெள்ளையக் கட்டிப்புடு. எத எடுத்தாலும் சீமைதான்."

"கண்ணு போயிரும்டா."

"கண்ணாடி போட்டுக்க. டாக்டருக்கு எடுப்பா இருக்கும்."

சரி என்றேன். சத்தியமும் செய்து கொடுத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை கோயில் கிணற்றில் குளித்தேன். ஈர வேட்டியோடு கோயில் சுவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வேண்டும் என்றே நிறையப் பறித்து வந்திருந்தேன், நந்தியாவட்டையும் சிவப்பு அரளியும். சுவருக்கு அந்தப் பக்கம் அப்பாவின் குரல் கேட்டது. பூசாரியிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "அவன் படிச்சு வந்துட்டா இனி ஒரு புள்ளையவும் ரோட்டுல சாக விட மாட்டோம்ல சாமி."

அதைக் கேட்ட பிறகாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். எடுத்தது அரளியை. இன்னொரு வெற்றிலையிலும் அரளியை. நூலை ஒழுங்காக, ஒரே அளவில் சுற்றினேன். என் கை நடுங்கவே இல்லை. நல்ல டாக்டருக்கு வேண்டிய கை.

அப்பா கண்ணை மூடிக்கொண்டு எடுத்தார். அவரே பிரித்தார். அந்தச் சிவப்புப் பூவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார், அது என்னவோ அவர் பேச்சைக் கேட்காமல் போன மாதிரி. அம்மா தரையில் விழுந்து கும்பிட்டாள். இன்னொரு பொட்டணத்தை ஆற்றில் விட நானே முந்திக்கொண்டு ஓடினேன்.

அதன் பிறகு நடந்ததெல்லாம் கூத்து. நான் போகாமல் நின்றுவிட்டால் எனக்கு மொட்டை போடுவதாக அம்மா வேண்டியிருந்தாளாம். பத்து நாளில் என் தலை வழுவழு என்று ஆகிவிட்டது. பழங்காநத்தத்தான் அந்தத் தலையைப் பார்த்துச் சிரிக்கவில்லை. முகம் வெளுத்துப் போய் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"ரெண்டுலயும் வெள்ளைதான கட்டுன?"

"ஆமா" என்றேன்.

"அப்ப வெள்ளை எப்படிடா செவப்பாச்சு?"

நான் வானத்தைக் கைகாட்டினேன். வேடிக்கைக்குத்தான். அவன் அப்படியே உட்கார்ந்துவிட்டான். மறு வருஷம் எங்கள் குலசாமிக்குக் கிடா வெட்ட அவன் வந்தான். ஆடிக்கு ஆடி இன்னமும் வருகிறான், நெற்றி நிறையப் பட்டையோடு.

அவனுக்குச் சாமி வந்த அதே பூவில் அப்பாவுக்குச் சாமி போய்விட்டது. அவர் சண்டை போடவில்லை, திட்டவில்லை. சொன்ன சொல் மாறாமல் சீமையைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் கோயில் வாசலை மட்டும் மிதிக்கவில்லை. விசேஷ நாட்களில் நாங்கள் எல்லாம் போவோம். அவர் கொடிக்காலில் தனியாகத் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார். என்னிடம் ஒருநாள்கூடக் கோபித்துக்கொண்டதில்லை. "உன் மேல என்ன தப்பு?" என்று ஒருதரம் அவராகவே சொன்னார். அன்றைக்கு நான் சாப்பிட்டேன், தூங்கினேன், மறுநாள் ஆபீசுக்கும் போனேன். சாமி என் கண்ணைப் பிடுங்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்கக் கண் வேண்டும் என்று விட்டுவைத்திருந்தது போல.

இரண்டாம் உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் அப்பாவுக்கு மூச்சு இழுப்பு வந்தது. மதுரையிலிருந்து டாக்டர் வந்து பார்த்துவிட்டு, இனிமேல் வேண்டியவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றார். அம்மா குலசாமி கோயிலுக்கு ஓடிப்போய்த் திருநீறு வாங்கி வந்தாள். நெற்றியில் வைக்கப் போன கையை அப்பா தட்டிவிட்டார்.

"வேணாம். எம் மகனுக்குக் குறுக்க நின்னவன் அவன். அவன் திருநீறு எனக்கு எதுக்கு?"

அம்மா அழுதாள். சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். சொல்லியிருக்கலாம். நாலு வார்த்தை போதும். சாமி ஒன்றும் செய்யவில்லை, நான்தான் என்று சொல்லியிருந்தால், அவர் என்னை வெறுத்துக்கொண்டாவது அந்தத் திருநீற்றைப் பூசிக்கொண்டு போயிருப்பார்.

நான் அவர் பக்கத்தில் குனிந்து, "விடுங்கய்யா, என் கையால வைத்தியம் பாத்து ஊரே காலியாயிரும்னு சாமிக்குத் தெரிஞ்சு போச்சு" என்றேன்.

அப்பா சிரித்தார். மூச்சு வாங்க, இருமலுக்கு நடுவில், நன்றாகவே சிரித்தார். "போடா" என்றார்.

திருநீறு அம்மாவின் கையிலேயே இருந்தது. சாயங்காலம் அவர் போனபோது நெற்றி வெறுமையாகத்தான் இருந்தது.