ஆற்று மணல் என்று நினைத்து

ஆடி மாசம் எங்கள் ஊரில் ஒரு தூறல் இருக்காது. காவிரி மட்டும் செந்தண்ணீராகக் கரையைத் தொட்டுக்கொண்டு போகும். அந்த மழை எங்கேதான் பெய்கிறது என்று ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பது என் மாமனாருக்கு வெகுநாள் ஆசை.

மேட்டூரில் அணை கட்டிக்கொண்டிருந்த வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் சேலத்தில் ஒரு பழைய மோட்டார் கார் வாங்கி வந்திருந்தார். வாடகைக்கு ஓட்டுவதாக எண்ணம். மாமனாருக்கு அது பிடிக்கவில்லை. தினமும் ஒரு சொல் சொல்லிக்கொண்டே இருந்தவர், ஒருநாள் முடிவாகப் பேசினார்.

"என்னைய மேக்கால கடலுக்குக் கூட்டிப்போயி, மலங்காட்டு வழியா ஊடு கொண்டாந்து சேத்து. வண்டி நல்லபடியா வந்துதுன்னா வெச்சுக்க. வழியில எங்காச்சும் படுத்துக்கிச்சுன்னா, வித்துப்போட்டு ஏரப் புடிக்கோணும். என்ன?"

"சரீங்கப்பா" என்றார் இவர். அன்று ராத்திரி இவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மாமியார் காலமாகிவிட்டிருந்தார். மாமனார் கடைச்சோறு தொடமாட்டார். அதனால் சமைக்க என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். எங்கள் பக்கத்தில் மருமகள் மாமனார் முன்னால் வாய் திறக்கமாட்டாள். கட்டி வந்து இரண்டு வருஷமாகியும் நான் அவரிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. சொல்ல வேண்டியதைக் கன்றுக்குட்டியிடம் சொல்வேன். "சுடுதண்ணி ஆறிப்போவுது பாரு" என்று கன்றிடம் சொன்னால் மாமனார் குளிக்க எழுந்து போவார். காரில் கன்றுக்கு இடமில்லை. பின்சீட்டில் அரிசி மூட்டை, சட்டிகள், பாய் இவற்றோடு பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

ஆனி மாசம் கிளம்பி, பள்ளிபாளையத்தில் காவிரியைத் தாண்டி, கோயமுத்தூர், பாலக்காடு என்று போனோம். பனைகள் குறைந்து தென்னைகள் வந்தன. பாலமில்லாத ஆறுகளில் இரண்டு தோணிகளைச் சேர்த்துக் கட்டிப் பலகை போட்டு, அதன்மேல் காரை ஏற்றி அக்கரை சேர்த்தார்கள். மாமனாருக்கு மண்ணைப் பற்றித்தான் பேச்சு. "இத்தன ஈரத்த வெச்சுக்கிட்டு வெறும் மரத்த வளத்தறானுங்களே" என்று குறைப்பட்டுக்கொண்டே வந்தார்.

தலச்சேரி தாண்டிக் கடலைப் பார்த்தோம். கறுப்புப் பாறைகள் யானைக் கூட்டம் படுத்த மாதிரி தண்ணீருக்குள் நீண்டு கிடந்தன. அவற்றின் நடுவே அகலமாக ஈர மணல். மாமனார் இறங்கிக் காலால் ஓங்கி மிதித்துப் பார்த்தார்.

"நம்ம ஆத்து மணலாட்டந்தான் கெட்டியா இருக்குது. இங்கயே கொண்டாந்து நிறுத்து சாமி."

கோடையில் காவிரி மணலில் எத்தனை பார வண்டிகளை ஓட்டியவர்கள் நாங்கள். இவரும் யோசிக்காமல் காரை அலைக்குப் பக்கத்திலேயே இறக்கினார். பிறகு அப்பாவும் மகனும் பாறை முனைக்குப் போனார்கள். நான் கார் நிழலில் மூன்று கல் கூட்டி உலை வைத்தேன்.

அரிசி கொதிக்கையில் அடுப்பு புஸ்ஸென்றது. ஒரு கல்லை அலை நனைத்திருந்தது. தப்பித் தவறி வந்த அலை என்று நினைத்து, அடுப்பை மேலே தள்ளிப் போட்டேன். சோறு வடிக்கும் முன் அங்கேயும் வந்தது. எங்கள் ஆற்றில் வெள்ளம் வந்தால் நுரை வரும், சருகு வரும், ஊரே சத்தம் போடும். இது ஒன்றும் சொல்லாமல் வந்தது. திரும்பிப் பார்த்தால் காரின் பின்சக்கரத்தைச் சுற்றித் தண்ணீர்.

வண்டி போனால் இவர் ஆசையும் போச்சு. "ஏனுங்க, ஏனுங்க" என்று கூப்பிட்டேன். அலைச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட நாக்கு வராது. ஓடலாமென்றால் பாறை தூரம்.

காரின் பக்கத்தில் ரப்பர் உருண்டை வைத்த ஹாரன் இருந்தது. அதை இவர் தவிர யாரும் தொடக்கூடாது. இரண்டு கையாலும் சேர்த்து அமுக்கினேன். விடாமல் அமுக்கினேன். பாறை மேல் இரண்டு தலைப்பாகைகளும் திரும்பின.

இவர் ஓடி வந்து கைப்பிடியைச் சுழற்றி இஞ்சினைக் கிளப்பினார். சக்கரம் சுற்றச் சுற்ற மணலுக்குள் இறங்கியது. ஹாரன் சத்தம் கேட்டுக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களில் நாலைந்து பேர் வடக்கயிற்றோடு வந்தார்கள். ஒரு கிழவர் மாமனாரைப் பார்த்துச் சிரித்தார்.

"கடல் அறியாத்தவரோ?"

"அறியாதவங்கதானுங்க" என்றார் மாமனார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டே. "எங்கூர்ல இருக்கறது ஆறு. அது ஒரே பக்கமாத்தான் போவும்."

கயிற்றைக் கட்டினார்கள். மாமனார் என் பக்கம் திரும்பினார்.

"அம்முணி, அந்தப் பாயச் சக்கரத்துக்கு அடியில குடு."

"குடுக்கறனுங்க மாமா" என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் பேசியதே தெரிந்தது. அவர் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை. எருதுகளை ஏற்றத்தில் ஓட்டுகிற மாதிரி "ஹோய், ஹோய்" என்று குரல் கொடுத்தார். பாயைத் தின்றுவிட்டுக் கார் மேலே ஏறியது. உலைச் சட்டி கடலோடு போய்விட்டது. அன்றைக்கு வலைக்காரர்கள் கொடுத்த இளநீரும் அவல் பொரியும்தான். மாமனாரும் வாங்கிச் சாப்பிட்டார்.

வயநாட்டு மலை ஏறத் தொடங்கினோம். வண்டி படுத்துக்கொண்டதா இல்லையா என்று மாமனார் இன்னும் சொல்லவில்லை. அதைக் கேட்க இவருக்குத் தைரியமில்லை. காடு இரண்டு பக்கமும் மூடிக்கொண்டது. மரத்தின் மேல் மரம் முளைத்திருந்தது. மலை உச்சியைத் தாண்டியதும் இஞ்சின் சூடாகி நிறுத்தியபோது மழை பிடித்துக்கொண்டது. சொட்டுச் சொட்டாக இல்லை, கயிறு கயிறாக. மாமனார் இறங்கி நடுரோட்டில் நின்று இரண்டு கையையும் ஏந்தினார். காலில் அட்டை ஏறியதைக்கூடப் பார்க்கவில்லை. ஓரத்து ஓடையில் செந்தண்ணீர் கிழக்கே, காவிரிப் பக்கமாக ஓடியது.

"இதா பாரு, நம்ம தண்ணி" என்றார். "ஆடிக்குள்ள ஊருக்கு வந்துரும். நாம முந்திப் போவணும்."

நனைந்தபடியே வந்து ஏறினார். இவர் மெல்ல ஆரம்பித்தார்.

"அப்பா, வண்டிய..."

"வண்டிக்கென்ன, அது போற எடத்துக்குப் போவுது. நிறுத்தற எடந்தான் நமக்குத் தெரியல." கொஞ்ச நேரம் அட்டையைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். "அந்த ஹாரனுக்கு ஒரு கயிறு கட்டிப் பின்னால உடு. அம்முணிக்குக் கை எட்டட்டும்."

இவர் அப்போதே மழையில் இறங்கி, என் சடைக்கயிற்றை வாங்கி, இழுத்தால் உருண்டை அமுங்குகிற மாதிரி சுருக்குப் போட்டுக் கட்டினார்.

மைசூர்ச் சீமையைச் சுற்றிச் சேலம் வந்து, புதுச்சத்திரத்தைத் தாண்டினோம். எங்கள் ஊர்ப் பனைகள் தெரிந்தன. முன்சீட்டிலிருந்து மாமனார் திரும்பாமலே சொன்னார்.

"இழு அம்முணி. ஊருக்குத் தெரியட்டும்."