முனிசாமி பிரித்த டிரான்ஸ்பர் கேஸ்

உற்சவத்தில் சாமி வண்டியை இழுத்துப்போன ஜீப், வீதி திரும்புகிற முக்கில் டமாரென்று சத்தம் போட்டு நின்றது. சாமியை ஆள் வைத்துத் தள்ளித்தான் கோயில் சேர்த்தார்கள். ஊர் வாயெல்லாம் முனிசாமி பெயர். அந்த ஜீப்பின் டிரான்ஸ்பர் கேஸுக்கு, அதாவது இன்ஜின் இழுப்பை முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டிக்கு, கொஞ்ச நாள் முன்பு பேரிங் மாற்றியவர் அவர்தான்.

"இன்னா முனிசாமி, சாமியவே எறக்கி நடக்கவுட்டியாமே?" டீக்கடையில் சிரித்தார்கள்.

பட்டறையில் பெட்டியை இறக்கிப் பிரித்தார். அவர் போட்ட பேரிங் போட்டபடி இருந்தது. பல்சக்கரம்தான் பொட்டுக்கடலையாக உதிர்ந்து கிடந்தது. உள்ளே நாலு சக்கர இழுப்பு மாட்டினபடியே நின்றது. பார்த்ததும் விளங்கிவிட்டது. சேற்றிலும் மணலிலும் போட வேண்டிய லீவரை, சாமி பாரமாச்சே என்று காய்ந்த சிமெண்டு ரோட்டில் போட்டு ஓட்டியிருக்கிறான். மணல் என்றால் சக்கரம் வழுக்கி முறுக்கு கழியும். சிமெண்டில் எங்கே வழுக்கும்? திரும்பத் திரும்ப முறுக்கேறி, அடி மொத்தமும் பெட்டிக்கு.

ஓட்டியவன் இளவரசன். முனிசாமியின் மருமகன். கோயில் கமிட்டியில் சொல்லி அந்த டிரைவர் வேலையை வாங்கித் தந்ததும் இவர்தான்.

கமிட்டித் தலைவர் திருஞானசம்பந்தம் வந்தார். பின்னாலேயே இளவரசன்.

"இன்னாப்பா ஆச்சு? வாயத் தொறந்து சொல்லு."

முனிசாமி மருமகன் முகத்தைப் பார்த்தார். அவனே சொல்லட்டும் என்றிருந்தார். அவனும் சொன்னான்.

"மாமா போட்ட பேரிங்குதான் சார். அவரும் இன்னா பண்ணுவாரு, முன்ன மாதிரி கை நிக்கல."

உடைந்த பல்சக்கரம் முனிசாமியின் கையிலேயே இருந்தது. நீட்டிக் காட்டினால் போதும். காட்டினால் மகள் வீட்டு அடுப்பு அணையும்.

"ஆமாங்கய்யா. பேரிங்குதான்."

"சாமி காரியத்துல வெளையாடிக்கினியேப்பா! இத்த மட்டும் சரிபண்ணிக் குடு. இனிமே கோயில் வண்டி எதுவும் உன் பட்டறைக்கு வராது."

புதுப்பேட்டைக்குப் போய் அலைந்து பல்சக்கரம் வாங்கி வந்து மாட்டினார். ஆயில் ஊற்றினார். ஜீப்பை எடுக்க இளவரசன் மட்டும் வந்தான்.

"சிமெண்டு ரோட்டுல லீவரத் தொடாதீங்க மாப்ள."

"தெரியும் மாமா" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

சாயங்காலம் மகள் தீபிகா போன் செய்தாள்.

"ஏம்ப்பா, பார்த்துப் போட்டிருக்கக் கூடாதா? இவரால தெருவுல தலைகாட்ட முடியல."

 

"வயசாயிடுச்சும்மா."

"ஆமாம்ப்பா" என்றாள் தீபிகா. "இவரும் அதான் சொல்லிக்கினு இருக்காரு."