பயமில்லாத நாள்கள்

ஏழாம் மாதத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லோருக்கும் வாங்குவதுதானே என்று இருந்துவிட்டேன். பெரம்பலூரில் நான் காட்டிக்கொண்டிருந்த மருத்துவமனையில் ஸ்கேன் அறை மாடியில் இருந்தது. பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். பின்னால் வந்தவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு ஏறிப் போனார்கள். அவர்களில் ஒருத்திக்கு என்னைவிடப் பெரிய வயிறு. அவள் போனில் பேசிக்கொண்டே ஏறினாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

அன்றைக்கே இதயத்துக்கு எக்கோ (ஒலி அலைகளை அனுப்பி இதயம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்கும் பரிசோதனை) எடுத்தார்கள். எடுத்தவர் முகம் மாறியது. மைட்ரல் வால்வு (இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவில் திறந்து மூடும் கதவு) சுருங்கிப்போயிருக்கிறது என்றார்கள். சிறு வயதில் மூட்டு வீக்கத்தோடு காய்ச்சல் வந்ததா என்று கேட்டார்கள். வந்தது. ஆறாம் வகுப்பில் ஒரு மாதம் பள்ளிக்கூடம் போகவில்லை. அந்தக் காய்ச்சல் முழங்காலை விட்டுப் போனபோது இதயத்தையும் தொட்டுவிட்டுப் போயிருக்கிறது.

திருச்சிக்கு அனுப்பினார்கள். எட்டாம் மாதக் கடைசியில் அறுவை செய்து பிள்ளையை எடுத்தார்கள். என் மகள் யாழினி அப்படித்தான் பிறந்தாள். மூன்றாம் நாள் இதய மருத்துவர் என் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று சொன்னார்.

“ஒண்ணு பொறந்தாச்சு. நல்லாவும் இருக்கு. இதோட நிறுத்திக்கணும்மா. வால்வ மாத்துனாலும் இன்னொரு பிரசவத்த உன் உடம்பு தாங்கறது கஷ்டம். நுரையீரல்ல அழுத்தம் ரொம்பக் கூடியிருக்கு.”

என் கணவர் அன்பழகன் “சரிங்க டாக்டர்” என்றார். நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஒரு பிள்ளையே கனவு போல இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று ஒரு நாள் ஏங்குவேன் என்று அந்தக் கட்டிலில் எனக்குத் தோன்றவே இல்லை.

எல்லோருக்கும் கருத்தடை என்றால் பிள்ளை எப்போது வேண்டும் என்ற கணக்கு. எனக்கு அது இதய வைத்தியத்தின் ஒரு பகுதி. என்னைப் போன்ற இதயத்தோடு இதைப் படிக்கிறவர்கள் இருப்பீர்கள். நான் பட்டதை அப்படியே எழுதுகிறேன். எனக்கு ஒத்துவராதது உங்களுக்கு ஒத்துவரலாம். உங்கள் மருத்துவரிடம் கேட்காமல் எதையும் தொடங்கவோ நிறுத்தவோ வேண்டாம்.

முதலில் காப்பர்-டி (கருப்பைக்குள் வைக்கும் சிறு செம்புக் கருவி). பிள்ளையை எடுத்த அறுவையின்போதே, எங்களிடம் கேட்டு, வைத்துவிட்டார்கள். அது உள்ளே இருப்பதையே மறந்திருந்தேன். யாழினிக்குப் பதினோரு மாதம் ஆனபோது எனக்கு உலோக வால்வு பொருத்தினார்கள். அதன்பின் ரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை. ஆயுளுக்கும் அது உண்டு. அந்த மாத்திரையும் காப்பர்-டியும் என் உடம்பில் ஒத்துப்போகவில்லை. மாதவிலக்கு பதினைந்து நாள் போனது. அரியலூரில் ஒரு கணினி மையத்தில் விண்ணப்பங்கள் அடித்துக்கொடுக்கும் வேலை எனக்கு. நாற்காலியை விட்டு எழப் பயந்துகொண்டே உட்கார்ந்திருப்பேன். ஆறே மாதத்தில் ரத்தம் மிகவும் குறைந்து, இரண்டு பாட்டில் ஏற்றவேண்டி வந்தது. கருவியை எடுத்துவிட்டார்கள்.

என் ஓரகத்தி செல்வி அதே காப்பர்-டியோடு ஐந்து வருடமாக இருக்கிறாள். வயலில் இறங்குகிறாள், கரும்புக்கட்டு சுமக்கிறாள். “எனக்கு அது இருக்கிற நெனப்பே இல்லக்கா” என்பாள். கருவியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

தினசரி போடும் கருத்தடை மாத்திரை பற்றி நானே கேட்டேன். எங்கள் கணினி மையத்தில் வேலை பார்க்கும் பெண் அதைப் போட்டுக்கொண்டு நன்றாகத்தான் இருந்தாள். பெரம்பலூர் மகப்பேறு மருத்துவர் அம்மா கையை உயர்த்தித் தடுத்தார். “அத நெனைக்கவே கூடாது. அந்த மாத்திரை ரத்தக்கட்டு உண்டாக்கலாம். உன் வால்வுல கட்டி நின்னுச்சுன்னா உசுருக்கே வெனையாப் போயிரும்.”

அடுத்தது மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசி. ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குக் கருநீலமாகிவிடும். அதுகூடப் பெரிதில்லை. இரண்டாவது ஊசிக்குப் பிறகு மாதவிலக்கே நின்றுவிட்டது. அப்படித்தான் ஆகும், பயப்பட வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். எனக்கு வந்தது பயமில்லை. மாதவிலக்கு வரவேண்டிய தேதி தாண்டும்போதெல்லாம், ஊசியையும் மீறி ஒன்று தங்கியிருக்குமோ என்று மனசு ஓடும். கர்ப்பப் பரிசோதனை அட்டையை வாங்கிவந்து யாருக்கும் தெரியாமல் பார்ப்பேன். ஒரே கோடு. அட்டையைக் காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஒரு வருடத்தில் ஐந்து அட்டை. எந்தப் பிள்ளை வரக்கூடாது என்று ஊசி போட்டுக்கொண்டேனோ, அந்தப் பிள்ளையைத்தான் அட்டையில் தேடியிருக்கிறேன்.

காரணமில்லாமல் அழுகை வர ஆரம்பித்தது. எடை கூடியது. மருத்துவர் அம்மா ஊசியை நிறுத்தினார். கருப்பைக்குள் ஹார்மோன் கருவி ஒன்று இருக்கிறது, அது ரத்தப்போக்கைக் கூட்டாது, வைக்கலாமா என்றார். ஒரு முறை உள்ளே வைத்து நான் பட்டபாட்டில் என் உடம்பு அந்தப் பேச்சுக்கே இறுகியது. பிறகு யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்று நினைத்தால், அதை ஒரு தடவை முயன்றிருக்கலாம்.

அதுவரைக்கும் ஆணுறை. அன்பழகன் ஆலத்தியூரில் சிமெண்ட் ஆலையில் மூட்டை ஏற்றும் பிரிவில் இருக்கிறார். எங்கள் விக்கிரமங்கலத்தில் வாங்கக் கூச்சப்பட்டு அரியலூரில் இறங்கி வாங்கிவருவார். அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம், கரு தங்கக்கூடிய நாள்களில் விலகியே இருங்கள் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே காலண்டரில் அந்த நாள்களுக்கு நான் பென்சிலால் புள்ளி வைப்பேன். புள்ளியில்லாத நாள்களை நாங்கள் ‘பயமில்லாத நாள்’ என்போம்.

பயம் எங்களை வெகுதூரம் தள்ளி வைத்திருந்தது. அவர் கை என் தோளில் பட்டால்கூட இரண்டு பேருக்கும் முதலில் காலண்டர்தான் ஞாபகம் வரும். கல்யாணமான புதிதில் கொள்ளிடக் கரையில் மணலில் நடந்தபோது அவர் என் விரல்களைப் பிடித்துக்கொண்ட மாதிரி, எதையும் எண்ணாமல் ஒரு தரம் பிடிக்கமாட்டாரா என்று இருக்கும்.

ஒரு வாரம் மையத்துக்கு ஒரு தாய் தன் இரண்டாவது பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயர் சேர்க்க வந்திருந்தாள். பெயரை நான்தான் அடித்தேன். எழுத்து சரியா என்று திரையைக் காட்டினேன். அவள் தன் பிள்ளையின் காதில், “பாருடா, அக்கா உன் பேர எழுதிட்டாங்க” என்றாள்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை. யாழினி செல்வி வீட்டில் விளையாடப் போயிருந்தாள். அவர் உறையைத் தேடினார். தீர்ந்திருந்தது. என்னைப் பார்த்தார்.

“இன்னிக்குப் பயமில்ல” என்று சொன்னேன்.

அது பொய். காலண்டரில் அன்றைக்குப் புள்ளி இருந்தது.

அடுத்த மாதம் அட்டையில் இரண்டாவது கோடு வந்தது. வெளிறிய கோடுதான். ஆனாலும் கோடு. நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நான்கு நாளும் நான் மெதுவாக நடந்தேன், கிடைத்ததைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டேன். அந்த அளவுக்குச் சந்தோஷமாக நான் எப்போதும் இருந்ததில்லை என்று எழுதக் கை கூசுகிறது. ஆனால் அதுதான் உண்மை. ஐந்தாம் நாள் ரத்தம் உறையாத மாத்திரையைக் கையில் எடுத்தபோது, இதைப் போட்டால் பிள்ளைக்கு ஆகாது, நிறுத்தினால் வால்வில் கட்டி நிற்கும் என்பது உறைத்தது. அன்பழகனிடம் சொன்னேன். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

திருச்சியில் இரண்டு மருத்துவர்களும் எங்களை ஒன்றாக உட்காரவைத்துப் பேசினார்கள். திட்டவில்லை. மாத்திரையால் கருவுக்கு வரக்கூடியதைச் சொன்னார்கள். அதற்குப் பதிலாக ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுப் பார்க்கலாம், அதிலும் ஆபத்து உண்டு என்றார்கள். நுரையீரல் அழுத்தம் இன்னும் இறங்கவில்லை என்று எக்கோவைக் காட்டினார்கள்.

“முடிவு உன்னோடதும்மா. நாங்க கூட இருப்போம். ஆனா என் மகளா இருந்தா வேணாம்னுதான் சொல்லுவேன்” என்றார் இதய மருத்துவர்.

வெளியே நடைக்கூடத்தில் யாழினி அன்பழகன் சட்டைப் பையில் இருந்த பேனாவை எடுத்துக் கையில் கிறுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். ஏழாவது வாரத்தில் கருவைக் கலைத்தார்கள். சின்ன சிகிச்சைதான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

அவர் ஒரு வாரம் லீவு போட்டார். சமைத்தார், என் துணிகளைத் துவைத்தார். நான்காம் நாள் காலை அவர் கொல்லையில் துணி அலசிக்கொண்டிருந்தபோது, இனிமேலும் மறைத்தால் எனக்கு மூச்சு நின்றுவிடும் போல இருந்தது.

“என்னங்க, அன்னிக்குப் பயமில்லன்னு சொன்னேன்ல. பொய்யி. எனக்குத் தெரியும்.”

அவர் பிழிந்துகொண்டிருந்த சேலையை விடவில்லை. அதை முறுக்கிக்கொண்டே சொன்னார்.

“எனக்கும் காலண்டர் பாக்கத் தெரியும் பவானி. காலையிலயே பாத்தேன். நீ சொன்னதும் நானும் பேசாம இருந்துட்டேன்.”

நான் துவைகல்லில் உட்கார்ந்தேன்.

“எனக்கும் ஆசதான். யாழினி ஒண்டியா வெளையாடுறதப் பாக்கறப்பல்லாம் ஆச. உன்கிட்ட சொன்னா நீ உசுரக் குடுத்துப் பெத்துடுவியோன்னு சொல்லல.” சேலையை உதறிக் கொடியில் போட்டார். “நம்ம ரெண்டு பேரையும் நம்ப முடியாது. நா ஆப்ரேஷன் பண்ணிக்கிறேன்.”

எனக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை செய்வதென்றால் மயக்க மருந்து, ரத்தம் உறையாத மாத்திரையை இடையில் நிறுத்துவது என்று ஒவ்வொன்றிலும் ஆபத்து. ஆணுக்கு அப்படி இல்லை. கத்தி வைக்காமல், மரத்துப்போகும் ஊசி போட்டு, சிறு துளை வழியே விந்துக்குழாயைத் துண்டித்துவிடுவார்கள். மருத்துவர் அம்மா இதை எங்களுக்கு இரண்டு வருடம் முன்பே சொல்லியிருந்தார். நாங்கள் இருவருமே காதில் வாங்கிக்கொள்ளவில்லை. ஏன் என்று இப்போது எனக்குத் தெரிகிறது. மற்ற எல்லாவற்றிலும் ஒரு கதவு திறந்தே இருந்தது.

என் அத்தை, அதாவது அவர் அம்மா, ஒத்துக்கொள்ளவில்லை. “நா செல்வி வூட்டுக்காரன் பொறந்த கையோட ஆப்ரேஷன் பண்ணிக்கிட்டவதான். பொம்பளைங்க தாங்கிக்குவோம். மூட்ட தூக்குறவன்டி அவன். நாளைக்கு இடுப்பு போச்சுன்னா யாரு பாப்பா?”

“டாக்டர்கிட்டயே கேட்டேன்மா. ஒரு வாரம் தூக்கக்கூடாது, அவ்வளவுதான். நீ பண்ணிக்கிட்ட, அவ நெஞ்சையே பொளந்துக்கிட்டா. எனக்கு ஒரு ஊசி. வுடு” என்றார் அவர்.

அத்தை இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் பெரம்பலூருக்குக் கிளம்பும்போது பழைய பருத்தி வேட்டி ஒன்றை மடித்துப் பையில் வைத்தார். “மெத்துன்னு இருக்கும், கட்டிக்கிட்டு வரச்சொல்லு” என்று என்னிடம்தான் சொன்னார். மாமனாருடைய வேட்டி அது.

கிளம்புவதற்கு முன் நான் ஒன்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. “எனக்கு ஒண்ணு ஆயிட்டா? உங்களுக்கு வயசு இருக்கு. இன்னொரு...”

“யாழினிக்குத் தண்ணி பாட்டில் எடுத்தியா?” என்றார். அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் எடுக்கவே விடவில்லை.

அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஊசிக்குப் பயந்து கண்ணை மூடிக்கொண்டதாகச் சொன்னார். நான்கு நாள் வலி, கொஞ்சம் வீக்கம். பத்தாம் நாள் வேலைக்குப் போனார். ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். இந்த அறுவை செய்த உடனே பாதுகாப்பு வந்துவிடாது. மூன்று மாதம் வேறு முறையையும் சேர்த்துக் கடைப்பிடிக்க வேண்டும். பிறகு விந்துப் பரிசோதனையில் உயிரணு இல்லை என்று வந்தால்தான் முடிந்ததாக அர்த்தம்.

மூன்று மாதம் கழித்து அந்தத் தாளை அவரே வாங்கிவந்தார். ‘இல்லை’ என்று இருந்தது. அதைப் பார்த்து இருவரும் சிரித்தோம். அப்புறம் அவர் வாசல் பக்கம் போய் வெகுநேரம் நின்றார். நான் கூப்பிடவில்லை. நானும் அடுப்படியில் அப்படித்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இது நடந்து நான்கு வருடம் ஆகிறது. காலண்டரில் இப்போது நான் எதையும் குறிப்பதில்லை. மாதம் என்பது வெறும் மாதமாகத்தான் வந்து போகிறது. அவர் கை என் மேல் பட்டால் அது கைதான். இந்த நிம்மதிக்கு நான் பழகவே ஒரு வருடம் ஆனது. ஆனால் ஆசை நிற்கவில்லை. வழி அடைபட்டால் ஆசையும் அடங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அது பாட்டுக்கு இருக்கிறது, பசி மாதிரி வேளைக்கு வேளை வருகிறது. வரும்போது வரட்டும் என்று இருக்கக் கற்றுக்கொண்டேன்.

போன மாதம் திருமானூரில் அம்மாவைப் பார்த்துவிட்டு அரியலூருக்குப் பஸ் ஏறினேன். எனக்கு உட்கார இடம் கிடைத்தது. கூட்டத்தில் ஒரு சிறு பெண் கைப்பிள்ளையோடு நின்றாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது.

“அக்கா, செத்த புடிச்சிக்கிறீங்களா?” என்று என் மடியில் வைத்தாள்.

ஐந்து மாதம் இருக்கும். தூக்கித் தோளில் போட இடமில்லாமல் நெஞ்சோடு சாய்த்துக்கொண்டேன். என் உலோக வால்வு மூடும்போது ஒரு சத்தம் வரும். கைக்கடிகாரம் போல, மிக மெலிதாக. காதை வைத்தால் கேட்கும். பிள்ளை சட்டென்று அழுகையை நிறுத்தியது. தலையைத் தூக்கி என் முகத்தைப் பார்த்தது. மறுபடி காதை அங்கேயே வைத்துக்கொண்டது.

“யார்கிட்டயும் இருக்காதுக்கா இது. உங்ககிட்ட என்னமோ இருக்கு” என்றாள் அவள்.

கீழப்பழூரில் இறங்கினாள். பிள்ளையை வாங்கிக்கொண்டு, “வரேங்க்கா” என்று கூட்டத்துக்குள் போய்விட்டாள். பஸ் கிளம்பியது. மடி இன்னும் சூடாக இருந்தது. பக்கத்தில் நின்றவர் தன் பையை வைத்துக்கொள்ளச் சொல்லி நீட்டினார். வாங்கிக் காலடியில் வைத்தேன். அரியலூர் வரும்வரை மடியில் எதையும் வைக்கவில்லை.