சரணத்தில் என் பெயர்

கீர்த்தனை இயற்றுவதை ஒரு வேலை என்று ஊரில் யாரும் ஒத்துக்கொள்வதில்லை. பிழை பிடிக்கும்போது மட்டும் அது வேலையாகிவிடும். நாலு வரி எழுதி, அதற்கு மெட்டும் போட்டு, பிறகு ஊர்ச் சந்திப் பக்கம் போய்வந்த எவருக்கும் நான் சொல்லப்போவது புதிதாக இராது.

நாலு பாத்தி

நான் புத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தின் சங்கீத ரீச்சர். என் கணவருக்கு வெங்காயத் தோட்டம். பக்கத்து ஊர் அம்மன் கோயில் சபையார் கும்பாபிஷேகத்துக்கு ஒரு கீர்த்தனை கேட்டிருந்தார்கள். தோடியில் பல்லவி உடனே வந்துவிட்டது. அனுபல்லவி மூன்று கிழமையாக வரவேயில்லை.

ஒரு சனிக்கிழமை காலை என் கணவர் உரம் வாங்கப் புறப்பட்டார். கடைசிப் பாத்தி நிரம்பியதும் தண்ணீர் இறைக்கும் மோட்டரை நிப்பாட்டச் சொல்லிவிட்டுத்தான் போனார். அவரது சைக்கிள் படலையைத் தாண்டியதும் அனுபல்லவி வந்தது. எழுதிவைக்கக் கொப்பியைத் தேடி உள்ளே ஓடினேன். அவர் திரும்பி வந்தபோது நான் மூன்றாவது சங்கதியில் இருந்தேன், வெங்காயம் தண்ணீருக்குள் இருந்தது. நாலு பாத்தி அழுகிப் போயிற்று. மனிசன் ஏசவில்லை. சேற்றுக் காலோடு வாசலில் நின்று சொன்னார்:

"இஞ்சேரும், உந்த அனுபல்லவிக்கு எத்தினை பாத்தி வேணுமெண்டு அடுத்தமுறை முதலே சொல்லிப்போடும்."

முத்திரை

கடைசிச் சரணத்தில் இயற்றியவர் தன் பெயரை ஒரு சொல்லாக வைப்பது வழக்கம். அதற்கு முத்திரை என்று பெயர். என் பெயர் மங்களேஸ்வரி. 'மங்களை பாடும் மலரடி' என்று வைத்திருந்தேன். தாளத்துக்குப் பாந்தமாக உட்கார்ந்த சொல்.

சபைத் தலைவர் கண்ணாடியைப் போட்டு இரண்டு தரம் வாசித்தார். மங்களை என்றால் யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அந்த இடத்தில், கோபுரம் கட்டித்தந்த லண்டன் தம்பியின் பெயரைப் போடலாமே என்றார். என் பெயர் இல்லாவிட்டால் பாட்டைத் திருப்பித் தாருங்கள் என்று கையை நீட்டினேன். பாட்டு ஏற்கெனவே அச்சுக்குப் போய்விட்டதாம். சமாதானமாக இரண்டு பெயரையும் எடுத்துவிட்டு, 'மங்கையர் பாடும்' என்று மாற்றினார்கள். எழுந்து வந்த என்னை வாசல்வரை வந்து வழியனுப்பிய தலைவர் உண்மையாகவே மனம் நொந்துதான் கேட்டார்:

"அம்மனைப் பாடச் சொன்னால் ரீச்சர், நீங்கள் ஏன் உங்களைப் பாடினனீங்கள்?"

பழைய உருப்படி

கும்பாபிஷேகக் கச்சேரியில் அதைப் பாடியவர் ஓர் இளம் வித்துவான். நல்ல குரல். நான் பெண்கள் பக்கத்தில், மூன்றாம் வரிசையில் இருந்தேன். இயற்றியவர் பெயர் தெரியாத பழைய உருப்படி என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுத் தொடங்கினார். அனுபல்லவிக்குச் சனம் தலையாட்டியது. எனக்குப் பெருமையும் அழுகையும் ஒன்றாக வந்தன.

முடிந்ததும் மேடைக்குப் பின்னால் போய், அது என் பாட்டு என்றேன். பையன் பாவம், பதறி எழும்பிக் கும்பிட்டான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா, கீர்த்தனை செய்யிற ஆக்கள் எல்லாரும் செத்துப்போச்சினம் எண்டெல்லோ நான் நினைச்சன்."

பாடம்

அந்தக் கச்சேரி போன் போனாய்ச் சுற்றியது. அதைக் கேட்டு அளவெட்டியிலும் படித்தார்கள், வல்வெட்டித்துறையிலும் படித்தார்கள். அடுத்த வருஷம் சங்கீதப் போட்டிக்கு என் மாணவி கௌசியை அந்தப் பாட்டோடு கூட்டிப்போனேன். அவளுக்கு முத்திரையோடுதான் சொல்லிக்கொடுத்திருந்தேன். பிள்ளை ஒரு சுரம் பிசகாமல் பாடினாள். முடிவில் அவளுக்கு இரண்டாமிடம். சாகித்தியப் பிழை, 'மங்கையர்' என்பதை 'மங்களை' என்று பாடிவிட்டாளாம்.

நடுவரிடம் போனேன். என்னோடு படித்த மனிசி. பாட்டு என்னுடையது என்று சொல்லிக் கொப்பியைக் காட்டினேன். அவர் ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தார், அடித்துத் திருத்திய இடங்களையும் பார்த்தார். பிறகு கொப்பியை மூடி என் கையில் தந்தார்.

"நீங்கள் எழுதினது சரியாயிருக்கலாம் மங்களம், ஆனால் பாடம் உப்பிடி இல்லை."

பஸ்ஸில்

கௌசி யன்னல் பக்கம் இருந்தாள். கோப்பாய் தாண்டியதும் ஆறுதலாக ஏதாவது சொல்ல நினைத்தேன். அவள்தான் முந்தினாள். எனக்கு நோகக்கூடாதென்று மிகவும் மெதுவாகக் கேட்டாள்:

"ரீச்சர், அடுத்த வருஷம் வேறை ஆரின்ரையாவது பாட்டைப் பாடுவமே?"

என் கீர்த்தனை இன்றைக்கும் நன்றாகத்தான் வாழ்கிறது. அதற்கு இருக்கிற ஒரேயொரு இடைஞ்சல் நான்தான்.