பன்வில ஓடையின் பக்கம் திரும்பிய கமெரா

ஐப்பசி மழை சற்று ஓய்ந்திருந்த ஒரு பிற்பகல், கொழுந்து நிறுத்து முடிந்த நான்கு மணிக்கு, பன்வில மலைத் தேயிலைத் தோட்டமொன்றில், தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்துக்குள் முதன்முதலாக நுழைந்தேன். சிறுத்தை உள்ளிட்ட காட்டுப் பூனைகள் மழைக்காட்டின் எந்தெந்தப் பகுதியில் நடமாடுகின்றன என்று விசாரிப்பதே எங்கள் தொழில். நடைமுறையில், மனிதர்கள் நம்மை எந்தெந்தக் கோணத்தில் சந்தேகிக்கிறார்கள் என்று அறிவதே அத்தொழிலின் பெரும்பகுதி. கேள்விகளோடு அந்நியர் வீட்டு வாசலில் நின்றிருக்கும் வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

நான் குண்டசாலையில் வசிப்பவள். விலங்கியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆய்வுக் குழுவின் தலைவர் குகன் யாழ்ப்பாணத்து இளைஞர். தோட்டத்து மக்களிடம் பேசுவதற்காகவே என்னை அழைத்துக்கொண்டார்.

ஒருவரும் பார்க்காத புலி

சிறுத்தையைத் தோட்டத்தில் புலி என்பார்கள். லயத்தில் ஒருவர்கூடப் புலியையோ பூனையையோ பார்த்ததில்லை என்றார்கள். அந்த ஆண்டில் இரண்டு நாய்கள் காணாமற்போனது எப்படி என்று கேட்டேன். நாய்கள் வத்தேகம டவுனுக்குப் போயிருக்கலாம் என்று ஒருவர் முகம் மாறாமல் பதில் சொன்னார்.

கடைசி வீட்டு முத்துலட்சுமி மட்டும் என்னைக் கதிரையில் அமர்த்தினார். கொழுந்து பறிப்பவர்; நாற்பது வயதிருக்கும். தேயிலை மலைக்கு மேலே, ஓடையை ஒட்டிய காட்டு வழியில்தான் லயத்துப் பெண்கள் அனைவரும் காய்ந்த விறகு பொறுக்கச் செல்கிறார்கள். காஸ் வாங்க வசதியில்லாத பதினான்கு அடுப்புகள் அந்த ஒரு வழியை நம்பி எரிகின்றன. இதையெல்லாம் சொல்லிவிட்டு, முடிவாக அவர் கூறியது:

"புலியப் பாத்தோம்னு சொன்னா வழிய அடைச்சிருவாங்க. பாக்கலன்னு சொன்னா நீங்க போயிருவீங்க. அதனால டீச்சரம்மா, நாங்க பாக்கல."

சின்னத்தொரையின் நிபந்தனை

தோட்டத்தின் உதவி நிர்வாகியைச் சின்னத்தொரை என்பது வழக்கம். விலங்கு கடந்தால் தானாகப் படமெடுக்கும் கமெராவை அந்தக் காட்டு வழியில் பொருத்த அவர் அனுமதி வேண்டும். தேநீர் நன்றாயிருந்தது, நிபந்தனை நன்றாயில்லை. பதிவான படங்களை முதலில் தம் முன்னிலையில் திறக்க வேண்டும் என்றார். பூனை ஆய்வில் அவருக்குத் திடீரென இவ்வளவு ஆர்வம் எங்கிருந்து வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கையில், குகன் சம்மதித்துவிட்டார். மனிதர் அகப்பட்ட படங்களை அழித்துவிடுவது எங்கள் விதி என்று நான் குறுக்கிட்டேன்.

"அழிங்க டீச்சர், நான் பாத்த பொறகு அழிங்க. வெறகுக்குப் போற ஒரு பொம்பளை கால் தெரிஞ்சாலும் அந்த வழிக்கு முள்ளுக்கம்பி அடிச்சிருவேன்."

முழங்கால் உயரம்

நிபந்தனையைப் பெண்களிடம் மறைப்பது முறையல்ல. உள்ளதை உள்ளபடி சொன்னேன். பூனைக்காகப் பொருத்தப்படும் கமெரா முழங்கால் உயரத்தில் இருப்பதால் முகம் விழாது என்றும் விளக்கினேன். வார்த்தையை நம்பாத முத்துலட்சுமி தாமே கமெராவுக்கு முன்னால் நடந்து காட்டினார். படத்தில் ஈரச் சேலை விளிம்பும் இரண்டு பாதங்களும் மட்டுமே இருந்தன. நான் சற்றுப் பெருமிதத்துடன் திரையை அவரிடம் நீட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, "ஐயோ, இந்த வெடிச்ச குதிகால ஊருக்கே தெரியுமேடி!" என்று சிரித்தாள். முத்துலட்சுமி சிரிக்கவில்லை.

"இவளுக்கே தெரியுதுன்னா, தெனம் மலையில எங்க காலப் பாத்தே வேல வாங்குறவருக்குத் தெரியாதா?"

கோணிக் கயிறு

கார்த்திகையில் ஒரு காலை, சின்னத்தொரை முன்னே நடக்க, நாங்கள் பின்னே ஏறினோம். வழியைப் பார்த்து நாங்கள் கமெராவைக் கட்டிவிட்டுப் போன பட்டி அறுக்கப்பட்டிருந்தது. கமெரா அதே மரத்தில், வழிக்கு முதுகைக் காட்டி, ஓடையைப் பார்த்தபடி கோணிக் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டிருந்தது. குகனின் முகம் கறுத்தது. "டீச்சர், உவையள் எங்கட வேலையைக் குழப்பிப்போட்டினம்" என்றார். நான் சொல்லிக்கொடுத்த வேலையோ என்ற ஐயமும் அவர் பார்வையில் இருந்தது. கேட்டிருந்தால் நான் கண்டிப்பாகத் தடுத்திருப்பேன். அதனால்தான் பெண்கள் என்னைக் கேட்கவில்லை.

அந்த இடத்திலேயே படங்களைத் திறந்தோம். பொருத்திய அன்றே மரத்தின் பின்பக்கமாக வந்து திருப்பியிருக்க வேண்டும்; முதல் படத்திலிருந்தே ஓடைதான். ஓடையோரப் பன்னச் செடி ஆடியது, நீர் ஓடியது, மீண்டும் பன்னம். அடுத்து, தடித்த உடலும் குட்டை வாலுமாக ஒரு மீன்பிடிப் பூனை பாறை மேல் அமர்ந்து, முன்னங்காலை ஓடைக்குள் விட்டுக்கொண்டிருந்தது. குகன் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். சிறுத்தை மனிதர் போட்ட வழியிலேயே நடக்கும் என்பதால், எல்லாப் பூனைக்கும் அதுவே பொருந்துமென்று எண்ணி, மலை முழுவதும் கமெராக்களை வழியைப் பார்த்தே பொருத்தியிருந்தோம். இந்தப் பூனை எங்கள் முதுகுக்குப் பின்னால் மீன் பிடித்திருக்கிறது.

சின்னத்தொரை படங்களை முதலிலிருந்து இன்னொரு முறை பார்த்தார். ஒரு காலும் இல்லை. பூனையின் கால் மட்டுமே இருந்தது.

"எங்க உக்காரணும்னு இந்தப் பூனைக்கும் நீங்கதான் பாடம் எடுத்தீங்களா டீச்சர்?"

கூலி

முள்ளுக்கம்பி வரவில்லை, விறகு வழி திறந்தே இருக்கிறது. குகன் மற்றக் கமெராக்களையும் ஓடைகளின் பக்கம் திருப்ப முடிவு செய்தார். யார் திருப்பியது என்று லயத்தில் கேட்டபோது, எல்லாரும் புலியைப் பார்க்காத அதே முகத்தோடு நின்றார்கள். தண்டனை ஒன்றுமில்லை, நன்றி சொல்லவே வந்திருக்கிறோம் என்று நான் உறுதியளித்த பிறகுதான் முத்துலட்சுமி முன்னால் வந்தார்.

"நன்றிய வெச்சு என்ன செய்ய? மழையில நின்னு திருப்பியிருக்கு, ஒருநாள் பேரு போடுங்க."

அந்த ஒருநாள் கூலியைக் குகன் பொங்கலுக்கு முதல் நாள் தம் சட்டைப் பையிலிருந்தே எடுத்துக் கொடுத்தார்; முத்துலட்சுமி தாளை வெளிச்சத்தில் இரு பக்கமும் பிடித்துப் பார்த்து, ஒருமுறை என்னையும் அதே விதமாகப் பார்த்த பின்னரே அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.