செம்பில் பதியாத கோபுரம்

1957-ஆம் ஆண்டு ஆடி மாதம், இராமநாதபுரத்து அச்சகம் ஒன்றின் மிதி இயந்திரம் வீரபத்திரனின் வலக்கை விரல்களில் நான்கைக் கொண்டுபோனது. கட்டைவிரலும் உள்ளங்கையும் மிஞ்சின. அந்தக் கையால் இனி அச்செழுத்துக் கோக்க முடியாது. அந்தக் கைக்கும் இராமேசுவரத்தில் ஒரு வேலை கிடைத்தது.

தீர்த்தச் செம்பு வியாபாரி மருதுபாண்டிக்கு ஒவ்வொரு செம்பின் வயிற்றிலும் கோபுரப் படம் வேண்டியிருந்தது. உருண்டைச் செம்பில் அச்சுக்கட்டை உட்காராது. அச்சகத்தில் மை உருளை வார்ப்பது போலவே, வீரபத்திரன் வஜ்ஜிரப் பசையையும் கருப்பட்டிப் பாகையும் காய்ச்சிக் கிண்ணத்தில் ஊற்றி, மெத்தென்ற ஒரு குமிழை வார்த்தெடுத்தான். செப்புத் தகட்டில் குழித்த கோபுரத்திலிருந்து அது மையை ஒற்றி எடுக்கும். செம்பில் அழுத்தினால் வளைவுக்கு வளைந்து பதிக்கும். அழுத்த உள்ளங்கை போதும். ஆறு மாதம் வீட்டில் உலை கொதித்தது.

ஒருநாள் மருதுபாண்டி வேலையைப் பார்க்க வந்தார்.

“என்னய்யா, அல்வாவ வச்சு அச்சுக் குத்துற?”

“தின்னுறாதீக மொதலாளி. கருப்பட்டியும் வஜ்ஜிரமும்.”

“ஆசாரி பலகை ஒட்டுற வஜ்ஜிரமா?”

“அதேதான்.”

அவர் சிரிப்பு நின்றது. “அது மாட்டுத்தோலக் காச்சுற சங்கதியில்ல? கோடி தீர்த்தம் அடைக்கிற செம்புய்யா இது. வடக்க இருந்து வாரவுக பூசையில வைக்கிறாக.”

“சாமி படம் போட்ட நோட்டீசெல்லாம் இந்தப் பசையிலதான மை வாங்குது?”

“காகிதம் வேற, செம்பு வேற. வேற எதுலயாச்சும் செஞ்சுட்டு வா.”

கடலோரத்தில் பாசி பொறுக்கும் அவன் மனைவி முருகம்மாள், “கடப்பாசியக் காச்சிப் பாருங்க. அதுல ஒரு தீட்டுமில்ல” என்றாள். பாசி பளிங்கு போல உறைந்தது. தகட்டில் வைத்து அழுத்தினான். தண்ணீர் கசிந்தது, மை ஒட்டவில்லை. கெட்டியாகக் காய்ச்சினான், உள்ளங்கைக்கடியில் இரண்டாகப் பிளந்தது. கருப்பட்டி சேர்த்தான், உறைந்தும் மை ஒட்டவில்லை. அவள் பொறுக்கி வைத்திருந்த பாசியெல்லாம் தீர்ந்தது.

வெறுங்கையோடு கடைக்குப் போனான். அங்கே செம்புகளில் காகிதப் படம் ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

“செம்பச் சுமக்குறேன் மொதலாளி. இல்லாட்டி கடையக் கூட்டுறேன்.”

மருதுபாண்டி அந்தக் கையைப் பார்த்தார். “எதக் கொண்டுய்யா பிடிப்ப?” என்றார். குரலில் கடுமை இல்லை. அதுதான் வீரபத்திரனுக்குத் தாங்கவில்லை.

இன்னும் ஏதாவது சொல்வார் என்று நின்றான். யாத்திரைக்காரர்கள் உள்ளே வந்தார்கள். அவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கினான். மேலும் ஆட்கள் வர, இன்னும் ஒதுங்கித் தெருவுக்கு வந்துவிட்டான். உள்ளிருந்து யாரும் அவனைக் கூப்பிடவில்லை.